ஒரே எண்ணில் வேறு வேறு காப்புரிமைகள்: தேடல் பட்டியலைச் சுத்தம் செய்யும் முறை

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் என் அறை. காப்புரிமைத் தேடல்தான் தொழில். பதினோரு வருடம் ஆகிறது. பம்ப் செய்பவர்கள், கிரைண்டர் செய்பவர்கள், திருப்பூரில் நிட்டிங் மெஷினுக்கு உதிரிபாகம் செய்பவர்கள் எல்லாம் வருவார்கள். "அம்மணி, ஒண்ணு புதுசா யோசிச்சு வெச்சிருக்கறோம். இதை யாராச்சும் ஏற்கெனவே பண்ணிட்டாங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் மூன்று நான்கு இணையதளங்களில் தேடி, கிடைத்ததை ஒரே பட்டியலாக்கி, இரட்டையாக வந்ததை எடுத்துவிட்டு, மிச்சத்தை உட்கார்ந்து படிப்பேன்.

அந்த இரட்டையை எடுக்கிற வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பார்ப்பதற்கு ஐந்து நிமிட வேலை. அதைத் தப்பாகச் செய்தால் அப்புறம் எவ்வளவு கவனமாகப் படித்தும் பயன் இல்லை. படிக்க வேண்டிய காகிதமே பட்டியலில் இருக்காது.

ஆறு வருடத்துக்கு முன் சின்னவேடம்பட்டிப் பக்கம் போர்வெல் பம்ப் செய்யும் ஒருவர் வந்தார். பம்புக்குள் மணல் இறங்காமல் தடுக்க ஓர் அமைப்பை யோசித்திருந்தார். மூன்று தளங்களில் தேடியதில் 640 வரிசை சேர்ந்தது. எண்கள் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தன. அதனால் எழுத்து, கோடு, புள்ளி எல்லாவற்றையும் நீக்கி, வெறும் இலக்கங்களை மேலிருந்து கீழாக ஒரு நிரலில் வைத்து, எக்செலில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்தினேன். 71 வரிசை போனது. மிச்சம் இருந்ததைப் படித்துவிட்டு, "உங்க அமைப்பு மாதிரி எதுவும் இல்லீங்ணா" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போய் வார்ப்புக்கான மரப் பேட்டர்ன் (மர அச்சு) செய்யக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கடையில் பழுதுக்கு வந்த வேறொரு பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உடனே கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, நம்ம அமைப்பு அப்படியே அதுக்குள்ள இருக்குதுங்க. மேல பேட்டன்ட் நம்பரும் போட்டிருக்குதுங்க. நான் பேட்டர்ன் பண்ணிப்போட்டனே." சத்தம் போடவில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

அன்று இரவு அந்தக் காப்புரிமை எண்ணிலிருந்து விண்ணப்ப எண்ணைப் பிடித்து, முதலில் இறக்கி வைத்திருந்த பட்டியலைத் திறந்தேன். அந்த விண்ணப்பம் அதில் இருந்தது. சென்னை அலுவலகத்தில் கொடுத்தது. அதே ஆண்டில், அதே வரிசை எண்ணில், மும்பை அலுவலகத்தில் யாரோ வார்ப்பட மணல் சலிக்கும் எந்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். 'மணல்' என்ற சொல்லுக்காக அதுவும் என் தேடலில் வந்து விழுந்திருந்தது. பட்டியலில் மும்பை மேலே, சென்னை கீழே. எக்செல் மேலே உள்ளதை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை அழித்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் நேரில் வந்தபோது இதை விளக்கினேன். ஒரே எண் சென்னையிலும் உண்டு, மும்பையிலும் உண்டு, இரண்டும் வேறு வேறு என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, சர்வே நம்பர் மாதிரிங்களா? எங்க ஊருலயும் 112 இருக்குது, பக்கத்து ஊருலயும் 112 இருக்குது. ஊர் பேரு இல்லாம நம்பரை மட்டும் வெச்சு யாராச்சும் கிரையம் பண்ணுவாங்களா?" என்றார்.

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த 71 வரிசையையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். 58 உண்மையிலேயே இரட்டை. ஒன்பது, ஒரே கண்டுபிடிப்பின் வேறு வேறு கட்டங்கள். அவற்றில் சிலவற்றில் கடைசிக் கட்டத்தை அழித்துவிட்டு முதல் கட்டத்தை வைத்திருந்தேன். மீதி நான்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

எண் மட்டும் ஏன் போதாது

காப்புரிமை எண்ணில் மூன்று பகுதி உண்டு. முன்னால் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்து: இந்தியாவுக்கு ஐஎன், அமெரிக்காவுக்கு யுஎஸ், ஜப்பானுக்கு ஜேபி, ஐரோப்பிய அலுவலகத்துக்கு ஈபி, உலக அறிவுசார் சொத்து அமைப்பு வழியாக வரும் பன்னாட்டு விண்ணப்பத்துக்கு டபிள்யூஓ. நடுவில் இலக்கங்கள். கடைசியில் ஏ1, பி2, யு என்று வருவது வகைக் குறி. அது விண்ணப்ப வெளியீடா, வழங்கப்பட்ட காப்புரிமையா, யுட்டிலிட்டி மாடல் எனும் குறுங்காலக் காப்பா என்பதைச் சொல்வது அந்தக் குறிதான். நடுப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னையும் பின்னையும் வெட்டுவது, ஊர்ப் பெயரையும் உட்பிரிவையும் வெட்டிவிட்டு 112 என்று மட்டும் எழுதி வைப்பது போல.

இந்தியாவில் 2015 வரை கொடுத்த விண்ணப்பங்களில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று நான்கு அலுவலகம். ஒவ்வொன்றும் தன் வரிசையில் எண் கொடுத்தது. 1234/சிஎச்இ/2008 என்றால் சென்னை, 1234/எம்யூஎம்/2008 என்றால் மும்பை. டெல்லிக்கு டிஇஎல், கொல்கத்தாவுக்கு கேஓஎல். இதோடு முடியவில்லை. பன்னாட்டு விண்ணப்பத்தின் வழியாக இந்தியாவுக்குள் வருபவற்றுக்குத் தனி வரிசை: 1234/சிஎச்இஎன்பி/2008, 1234/டிஇஎல்என்பி/2008. ஆக, 2008ஆம் ஆண்டின் 1234 என்று சொன்னால், வேறு வேறு ஆட்கள் வேறு வேறு பொருளுக்குக் கொடுத்த பல விண்ணப்பங்களுக்கு அது பொதுவாக இருக்கலாம். இன்னும் பழைய சென்னை விண்ணப்பங்களில் எம்ஏஎஸ் என்று இருக்கும், மெட்ராஸ் என்பதன் சுருக்கம். சில வெளிநாட்டுத் தளங்களில் ஆண்டை முன்னால் கொண்டுவந்து, சிஎச்இ என்பதை சிஎச் என்று சுருக்கி, வரிசை எண்ணுக்கு முன் பூஜ்யம் சேர்த்து வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர்கள் கையில் எழுதிக் கொடுக்கும்போது பெரும்பாலும் '1234/2008' என்றுதான் எழுதுகிறார்கள். அப்படி வந்தால் உடனே போன் போட்டு எந்த அலுவலகம் என்று கேட்டுவிடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.

2016 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பன்னிரண்டு இலக்க முறை வந்துவிட்டது. 201641012345 என்பதைப் பிரித்துப் படித்தால், 2016 ஆண்டு. அடுத்த 4 சென்னை (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா). அடுத்த 1 சாதாரண விண்ணப்பம், அந்த இடத்தில் 7 இருந்தால் பன்னாட்டு வழியாக வந்தது. மீதி ஆறும் வரிசை எண். நல்ல முறை. எழுத்தே இல்லாததால் எழுத்தை வெட்டும் தவறு இங்கே நடக்காது. ஆனால் இது எக்செலில் வேறு ஒரு பள்ளத்தில் விழுகிறது. கீழே சொல்கிறேன்.

காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு இந்தியாவில் புது எண் கிடைக்கும், அது நாடு முழுவதற்கும் ஒரே தொடர். அதனால் ஒரே கண்டுபிடிப்பு விண்ணப்ப எண்ணில் ஒரு வரிசையாகவும், வழங்கிய எண்ணில் இன்னொரு வரிசையாகவும் உங்கள் பட்டியலில் நிற்கும். இரண்டையும் தனித்தனி என்று எண்ணிவிட்டால் போட்டி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

ஜப்பான்

ஜப்பானுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். பம்ப், கிரைண்டர், நிட்டிங் எது தேடினாலும் ஜப்பான் காகிதம் வராமல் இருக்காது. இரட்டை எண் குழப்பம் வேறு எங்கும் இவ்வளவு அடர்த்தியாக நான் பார்த்ததில்லை.

1999 வரை ஜப்பான் வெளியீட்டு எண்ணில் பேரரசர் ஆண்டு இருக்கும். ஷோவா காலத்துக்கு எஸ், ஹெய்சேய் காலத்துக்கு எச். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், ஹெய்சேய் ஆண்டோடு 1988ஐக் கூட்ட வேண்டும். எஸ்58 என்றால் 1983, எச்05 என்றால் 1993. பேரூர், அவிநாசிக் கோயில் கல்வெட்டுகளில் 'யாண்டு' என்று போட்டு ஆட்சியாண்டு வெட்டியிருப்பார்கள் அல்லவா? மன்னன் பெயர் சிதைந்து 'யாண்டு ஐந்து' மட்டும் மிஞ்சினால் அது எந்த நூற்றாண்டு என்றே சொல்ல முடியாது. எஸ், எச் எழுத்தை வெட்டினால் நடப்பது அதுதான். வரிசை எண்ணும் ஒவ்வொரு ஆண்டும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

இப்போது ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம்: ஜேபி எச்05-12345. கடைசியில் ஏ இருந்தால் அது ஆய்வுக்கு முந்தைய காப்புரிமை வெளியீடு. பி2 இருந்தால் ஆய்வுக்குப் பிந்தைய வெளியீடு. யு இருந்தால் ஆய்வுக்கு முந்தைய யுட்டிலிட்டி மாடல். ஒய்2 இருந்தால் ஆய்வு முடிந்த யுட்டிலிட்டி மாடல். நான்குக்கும் தனித்தனி வரிசை, நான்கும் 1993இல் வெளிவந்தவை, நான்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. ஏ-யும் பி2-வும் ஒரே எண்ணில் இருந்தால் ஒரே கண்டுபிடிப்பின் இரண்டு கட்டம் என்று ஐரோப்பிய எண்களைப் பார்த்துப் பழகிய கண் நினைத்துவிடும். ஐரோப்பாவில் அது சரி. பழைய ஜப்பான் எண்களில் அது தவறு.

இன்னொன்று. சில பழைய தரவுகளில் எச் எழுத்தையும் பூஜ்யத்தையும் விட்டுவிட்டு ஹெய்சேய் 5, 123456 என்பதை ஜேபி5123456 என்று சேர்த்து எழுதியிருப்பார்கள். 1996இல் ஜப்பான் ஆய்வுக்குப் பிந்தைய வெளியீட்டை நிறுத்திவிட்டு, வழங்கிய காப்புரிமைகளுக்கு 2500001இலிருந்து தொடர் எண் கொடுக்க ஆரம்பித்தது. அந்தத் தொடர் வளர்ந்து ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதனால் ஜேபி5123456பி2 என்று உண்மையிலேயே ஒரு காப்புரிமை இருக்கிறது. அதற்கும் 1993ஆம் ஆண்டு வெளியீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஏழு இலக்கமும் அப்படியே ஒன்று. இந்த இடத்தில் வெளியீட்டுத் தேதியைப் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மற்ற நாடுகள்

அமெரிக்காவில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது, வடிவமைப்புக் காப்புரிமைக்கு டி, திருத்தித் திரும்ப வழங்கும் மறுவழங்கலுக்கு ஆர்இ, செடிக்கு பிபி என்று முன்னெழுத்து உண்டு, ஒவ்வொன்றும் தனித் தொடர். யுஎஸ் 345,678 என்பது 1886ஆம் ஆண்டுக் காப்புரிமை. யுஎஸ் டி345,678 என்பது 1994ஆம் ஆண்டு வடிவமைப்பு. கிரைண்டர்காரர்களுக்கு வடிவமைப்புகளும் தேவைப்படும் என்பதால் இரண்டும் ஒரே பட்டியலில் வந்து மோதும். இரண்டாவது, 2001 தொடக்கம் வரை அமெரிக்கா விண்ணப்பங்களை வெளியிடவில்லை. வழங்கிய காப்புரிமைகளுக்கே ஏ என்று குறி இருந்தது. 2001க்குப் பிறகு ஏ1 என்றால் விண்ணப்பம், பி1 அல்லது பி2 என்றால் வழங்கியது. எனவே பழைய ஏ-யை 'வெறும் விண்ணப்பம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்றாவது, விண்ணப்ப வெளியீடு 2003/0123456 என்பதை அமெரிக்க அலுவலகம் ஆண்டோடு சேர்த்துப் பதினொரு இலக்கமாக எழுதும். ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாசெனட் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டுப் பத்து இலக்கமாக 2003123456 என்று எழுதும். கணினிக்கு இவை இரண்டும் வேறு. நமக்கு ஒன்று.

பன்னாட்டு எண்ணிலும் இதே கதை. டபிள்யூஓ 99/12345 என்று அச்சில் இருப்பது ஒரு தளத்தில் 9912345 என்றும் இன்னொரு தளத்தில் 1999012345 என்றும் இருக்கும். நான்கு இலக்க ஆண்டும் ஆறு இலக்க வரிசையுமாக மாற்றிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

பிரிட்டனில் 1916க்கு முன் ஒவ்வொரு ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1916இல் 100,001 என்று தொடங்கித்தான் தொடர் எண் ஆனது. பழைய நெசவு எந்திரங்கள் தேடுபவர்கள் ஆண்டை விடாமல் எழுதுங்கள். ஐரோப்பிய எண்ணில் ஏ1-க்கும் பி1-க்கும் ஒரே இலக்கங்கள், ஒரே விண்ணப்பம். ஆனால் பி1-இல் உரிமைக் கோரிக்கை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதி, பெரும்பாலும் சுருங்கியிருக்கும், மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு வரும் பி2-வில் இன்னும் மாறியிருக்கும். ஒன்றை வைத்து மற்றதை அழித்தால், அழிப்பது உண்மையில் செல்லுபடியாகும் கோரிக்கையாக இருக்கலாம். சீனாவில் ஒரே பொருளுக்கு ஒரே நாளில் கண்டுபிடிப்புக் காப்புரிமைக்கும் யுட்டிலிட்டி மாடலுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் வழக்கம் உண்டு. எண் இரண்டு, படம் அச்சு அசல் ஒன்றுதான்.

எக்செல் உண்டாக்கும் இரட்டை

தரவுத்தளத்தின் பிழையைவிட நம் கணினியில் நாமே உண்டாக்கும் பிழைதான் அதிகம் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டு இலக்க இந்திய எண்ணுக்கு வருகிறேன். தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) நேராக இரண்டு முறை கிளிக் செய்து எக்செலில் திறந்தால், 201641012345 என்பதை அது 2.01641இ+11 என்று காட்டும். உள்ளே முழு எண் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே சேமி என்று கொடுத்தால், சிஎஸ்வியில் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் எழுதப்படும். மறுபடி திறக்கும்போது அது 201641000000. சென்னையில் 2016இல் கொடுத்த அத்தனை சாதாரண விண்ணப்பங்களும் இந்த ஒரே எண்ணாக மாறி நிற்கும். அதற்கு மேல் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்தினால் ஒன்றைத் தவிர மற்றது எல்லாம் போய்விடும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, "அக்கா, சென்னையில இருந்து ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருக்குதுங்க்கா" என்று வந்து நின்றாள். நல்லவேளை, கேட்டாள்.

இதைத் தவிர்க்க, வெற்றுப் பக்கத்தைத் திறந்து 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, எண் உள்ள ஒவ்வொரு நிரலுக்கும் 'டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுங்கள். முன்னால் உள்ள பூஜ்யங்களும் அப்போதுதான் தங்கும். ஒன்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரத்தை நம்பி இரட்டை பார்ப்பவர்கள் கவனிக்க: நிரல் டெக்ஸ்டாகவே இருந்தாலும் அந்தச் சூத்திரம் 012345-ஐயும் 12345-ஐயும் ஒன்று என்றே எண்ணும். கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வெற்றிடம் இதற்கு நேர் எதிர். ஒரே எண்ணை இரண்டாகக் காட்டும். வெற்றிடத்தை நீக்கும் ட்ரிம் சூத்திரத்தைப் போட்டுவிடுங்கள்.

என் முறை

இறக்கிய கோப்பைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் போட்டு, எந்தத் தளம், எந்தத் தேதி, என்ன சொல் போட்டுத் தேடினேன் என்று பெயரிலேயே எழுதிவிடுவேன். வேலை எல்லாம் நகலில்தான். அன்று அந்தப் பழைய கோப்பு கையில் இல்லாமல் இருந்திருந்தால் என் தவறு எங்கே நடந்தது என்று எனக்கே தெரிந்திருக்காது.

நகலில் எண்ணை உடைப்பேன். நாடு ஒரு நிரல். அலுவலகம் அல்லது காலம் ஒரு நிரல். சிஎச்இ, சிஎச்இஎன்பி, எச், எஸ், டி, ஆர்இ எல்லாம் இங்கே வரும். ஆண்டு ஒரு நிரல், நான்கு இலக்கத்தில். வரிசை எண் ஒரு நிரல், முன்னால் பூஜ்யம் போட்டு எல்லாம் ஒரே நீளத்தில். வகைக் குறி ஒரு நிரல். வெளியீட்டுத் தேதி ஒரு நிரல். ஆண்டும் அலுவலகமும் இல்லாத எண்ணுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். இவற்றை நடுவில் கோடு போட்டுத் திரும்பச் சேர்த்து 'முழுப்பெயர்' என்று ஒரு நிரல் செய்வேன்: ஜேபி-எச்-1993-012345-யு, ஐஎன்-சிஎச்இ-2008-001234-ஏ. மூலத் தளம் கொடுத்த எண்ணும் பக்கத்திலேயே மாறாமல் இருக்கும்.

அப்புறம் முழுப்பெயர்ப்படி வரிசைப்படுத்திவிட்டுக் கண்ணால் பார்க்கிறேன். முழுப்பெயரும் தேதியும் ஒன்றாக இருந்தால் ஒரே காகிதம்தான். முழுப்பெயர் ஒன்றாக இருந்து தேதி மட்டும் மாறினால் நின்று பார்க்க வேண்டும். எங்கோ தேதி தப்பு, அல்லது எண் தப்பு. ஐரோப்பிய, பன்னாட்டு எண்களில் ஏ8, ஏ9, பி8, பி9 என்று வருபவை திருத்திய மறுவெளியீடுகள். 8 என்றால் முதல் பக்கத் திருத்தம், 9 என்றால் முழுதும் திரும்ப அச்சிட்டது. இவற்றைத் தவறு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். வரிசை எண் மட்டும் ஒன்றாக இருந்து மற்றது மாறினால், வேறு வேறு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பும் விண்ணப்பதாரரும் ஒன்று என்று தெரிந்த பிறகுதான் சேர்ப்பேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வரிசையை அழிக்காதீர்கள். 'இதோடு சேரும்' என்று ஒரு நிரல் வைத்து, இரட்டைக்கு எதிரே மூல வரிசையின் எண்ணை எழுதுங்கள். வடிகட்டி மறைத்துக்கொள்ளலாம். மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு நொடி போதும்.

எதிர்த் திசை வேலை இதற்குப் பிறகு. எண் வேறாக இருந்தும் கண்டுபிடிப்பு ஒன்றாக இருப்பவற்றைப் பிடிக்க முன்னுரிமை எண்ணைப் பார்க்க வேண்டும். கோவையில் ஒருவர் 1234/சிஎச்இ/2008 என்று முதலில் கொடுத்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் அதைக் காட்டி வெளிநாடுகளிலும் கொடுத்திருந்தால், எல்லாக் காகிதத்திலும் அந்த முதல் எண் முன்னுரிமையாக இருக்கும். ஒரே கண்டுபிடிப்பின் பல நாட்டுக் காகிதங்களைத் தளங்கள் 'குடும்பம்' என்று சேர்ப்பது இதை வைத்துத்தான். சிக்கல் என்னவென்றால், அந்த முதல் எண்ணை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். ஒரு இடத்தில் அலுவலக எழுத்து இருக்காது. இன்னொரு இடத்தில் ஆண்டு முன்னால் போயிருக்கும். உடனே குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும், அல்லது சம்பந்தமில்லாத வேறொருவரின் காகிதம் வந்து சேர்ந்துகொள்ளும். அதனால் முன்னுரிமை எண்ணையும் அதே மாதிரி நிரல்களாக உடைத்து, முன்னுரிமைத் தேதியோடும் கண்டுபிடித்தவர் பெயரோடும் சேர்த்து ஒப்பிடுகிறேன். மூன்றும் பொருந்தினால் ஒரே குடும்பம். குடும்பம் ஒன்று என்பதற்காகக் காகிதமும் ஒன்று என்று ஆகிவிடாது. முதல் விண்ணப்பத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்துத் தனியாகக் கொடுத்த விண்ணப்பத்தில் கோரிக்கை வேறாக இருக்கும். நிறத்தால் குறித்து வைத்து, ஒவ்வொன்றின் கோரிக்கையையும் தனியே படியுங்கள்.

சந்தேகம் வந்தால் முதல் பக்கம்

தரவுத்தளத்தில் இருப்பது யாரோ தட்டச்சு செய்தது, அல்லது பழைய அச்சுப் பக்கத்தை எந்திரம் படித்து எழுதியது. பூஜ்யம் ஓ என்ற எழுத்தாகும், 1 ஐ என்ற எழுத்தாகும், 3 எட்டாகும். அதனால் சந்தேகம் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைத் திறக்கிறேன். மொழி தெரியாவிட்டாலும் கவலை இல்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன் சின்னதாக ஓர் எண் போட்டிருப்பார்கள், எல்லா நாட்டுக்கும் அது பொது. 11 என்று இருந்தால் வெளியீட்டு எண். 21 விண்ணப்ப எண். 22 விண்ணப்பத் தேதி. 31, 32, 33 முன்னுரிமை எண், தேதி, நாடு. 54 தலைப்பு. 71 விண்ணப்பதாரர், 72 கண்டுபிடித்தவர். ஜப்பான் பக்கத்தில் ஒரு எழுத்தும் தெரியாமலே 11-ஐயும் 21-ஐயும் 22-ஐயும் என்னால் சரிபார்க்க முடிகிறது. பழைய ஜப்பான் பக்கங்களில் ஆண்டு பேரரசர் முறையில் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்திய விண்ணப்பமாக இருந்தால் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் எண்ணை அலுவலக எழுத்தோடு முழுதாகப் போட்டுத் தேடி, தலைப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பேன். ஒரு பம்ப் பட்டறைக்காரருக்கு உள்ளூரில் செய்து விற்கத் தடையாக வரக்கூடியது இந்தியக் காப்புரிமைதான். ஜப்பானும் அமெரிக்காவும் அவருடைய யோசனை புதியதா இல்லையா என்பதைச் சொல்லும், ஏற்றுமதி செய்தால் மட்டும் அங்கேயும் தடையாகும். அதனால் சரிபார்க்க நேரம் குறைவாக இருந்தால் இந்திய வரிசைகளை ஒன்று விடாமல் முதலில் பாருங்கள்.

ஐரோப்பிய எண் ஒன்று இருக்கும், திறந்தால் காகிதமே இருக்காது. பன்னாட்டு விண்ணப்பம் ஐரோப்பாவுக்குள் நுழையும்போது எண் மட்டும் கொடுப்பார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனில் ஏற்கெனவே வெளிவந்திருந்தால் திரும்ப அச்சிட மாட்டார்கள். அந்த வரிசையின் டபிள்யூஓ எண்ணைத் திறந்து படித்தால் சரி.

தளத்திலேயே தவறு என்று உறுதியானால் அவர்களுக்கு எழுதுங்கள். எஸ்பாசெனட்டில் தரவுப் பிழையைத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. நான் எழுதும்போது அவர்கள் காட்டும் எண், முதல் பக்கத்தில் 11 அல்லது 31க்கு எதிரே உள்ள எண், அது பிடிஎஃப்பில் எத்தனையாவது பக்கம், இந்த மூன்றையும் கொடுக்கிறேன். திருத்தம் வரும்வரை என் பட்டியலில் அந்த வரிசைக்கு எதிரே 'தளத்தில் எண் தவறு, பக்கம் பார்த்தது' என்று எழுதி, பார்த்த தேதியைப் போட்டு வைக்கிறேன். அடுத்த வருடம் வேறொருவருக்காக அதே காகிதம் திரும்ப வரும்.